குகைக்குள்ள ஒரு ஆழ்கடல்

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு: "நகக்கண் அளவு இருக்கிற கடல் உயிருக்கெல்லாம் லத்தீன்ல பேர் வெச்சு யாருக்கு என்ன லாபம்?" நியாயமான கேள்விதான். பதிலுக்கு பிரான்ஸ் வரைக்கும் போகணும்.

மார்செய் பக்கத்துல லா சியோட்டான்னு ஒரு ஊர். அங்க கடலுக்கு அடியில 3பிபி-ன்னு ஒரு குகை இருக்கு. ஆழம் 25 மீட்டருக்குள்ளதான், ஸ்கூபா போட்டுட்டுப் போயிடலாம். ஆனா குகை வாசல்ல இருந்து உள்ள போகப் போக கீழ இறங்குது. குளிர்காலத்துல கனமான குளிர்ந்த தண்ணி உள்ள இறங்கி மாட்டிக்கும். கோடையில சூடான தண்ணி லேசா இருக்கிறதால மேலேயே நின்னுடும். அதனால உள்ள வருஷம் முழுக்க சுமார் 13 முதல் 15 டிகிரி. இருட்டு, குளிர், அசைவில்லாத தண்ணி. கிட்டத்தட்ட ஆழ்கடல்தான்.

அங்கதான் ழான் வாஸ்லேவும் நிக்கோல் பூரி-எஸ்னோவும் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு கடற்பஞ்சைப் பார்த்தாங்க. கடற்பஞ்சுன்னா தண்ணியை உறிஞ்சி வடிகட்டிச் சாப்பிடும்னு பாடத்துல படிச்சிருப்போம். இதுக்கு அந்தக் குழாய்களே கிடையாது! உடம்புல இருந்து நீட்டிக்கிட்டிருக்கிற மெல்லிய இழைகள்ல நுண்ணிய கொக்கிகள். இறால் வகைக் குட்டி உயிர் ஒண்ணு உரசினா, வெல்க்ரோ மாதிரி ஒட்டிக்கும். ஒரு நாளைக்குள்ள இழைகள் அதை மூடி வளர்ந்து, அடுத்த சில நாள்ல செரிச்சுடும். வாயும் இல்ல, வயிறும் இல்ல. 1995-ல நேச்சர் இதழ்ல இது வந்துச்சு.

இதன் சொந்தக்காரங்க 8,800 மீட்டர் ஆழத்துல கூட இருக்காங்க. ஆனா அங்க இருந்து வலையில வர்றது பிய்ஞ்சுபோன துண்டுதான். உயிரோட வெச்சு, சாப்பாடு போட்டுப் பார்க்க முடிஞ்சது இந்தக் குகையாலதான்.

பார்த்துட்டா போதுமா? போதாது. மாதிரியை ஆசிட்டுல போட்டு சதையைக் கரைச்சா, கண்ணாடி மாதிரியான சிலிக்கா ஊசிகள் மிஞ்சும். அதோட வடிவத்தையும் நீளத்தையும் மைக்ரோஸ்கோப்புல அளந்து, தெரிஞ்ச இனங்களோட ஒப்பிட்டு, மூல மாதிரி ஒண்ணை மியூசியத்துல வெச்சு, கட்டுரையா எழுதணும். 1996-ல அது அஸ்பெஸ்டோப்ளூமா ஹைப்போஜியா ஆச்சு. ஹைப்போஜியான்னா நிலத்தடி. இப்போ பேரினம் மாறி லைக்கோபோடினா ஹைப்போஜியா. ஆனாலும் முதல்ல விவரிச்சவங்க பேரும் வருஷமும் அடைப்புக்குறிக்குள்ள அப்படியே தொடரும். ரீநேம் பண்ணாலும் ஹிஸ்டரி அழியாது. நம்ம கிட் மாதிரி. 2012-ல வந்த ஒரு ஆய்வுப்படி, மாதிரி கிடைச்சதுல இருந்து விவரிப்பு வரைக்கும் சராசரியா 21 வருஷம் ஆகுதாம். நம்ம பேக்லாக்லாம் சும்மா.

இப்போ லாபத்துக்கு வர்றேன். அதே மார்செய் கடலோரக் குகைகள்ல ஹெமிமைசிஸ் ஸ்பெலுன்கோலான்னு குட்டி இறால் மாதிரி ஒரு இனம் பெரிய பெரிய கூட்டமா வாழ்ந்துச்சு. 1997-லயும் 1999-லயும் கடல் வழக்கத்தை விட சூடானப்போ அந்தக் கூட்டங்கள் சரிஞ்சுது. அந்த இடத்துக்கு சூட்டைத் தாங்குற ஹெமிமைசிஸ் மார்கலேஃபி வந்துடுச்சு. ரெண்டும் பார்க்க ஒரே மாதிரிதான். ஒண்ணை 1963-லயும் இன்னொண்ணை 1986-லயும் யாரோ பொறுமையா விவரிச்சு வெச்சிருந்தாங்க. அது இல்லன்னா, அந்தக் குகைக்குப் போன டைவர் "கூட்டம் வழக்கம்போல இருக்கு"ன்னு எழுதிட்டு மேல வந்திருப்பார்.