ஒரே சொல், இரண்டு மரியாதை!

தாத்தா தூங்குகிறார். தம்பி தூங்குகிறான்.

தமிழில் வினைச்சொல்லின் முடிவைக் கேட்டாலே போதும். பெரியவர் யார், சிறியவர் யார் என்று தெரிந்துவிடும்.

கொரிய மொழியிலும் இப்படித்தான். அங்கே சில வேளைகளில் சொல்லே மாறிவிடும்!

தம்பி தூங்கினால் ‘ஜாடா’. தாத்தா தூங்கினால் ‘ஜுமுசிடா’. தம்பி சாப்பிடுவது ‘பாப்’. தாத்தா சாப்பிடுவது ‘ஜின்ஜி’. இரண்டும் சோறுதான்!

ஆங்கிலம் படித்தால்...

இப்படிப் பேசி வளர்ந்தவர்கள் ஆங்கிலம் படிக்கிறார்கள். அதில் ஆசிரியரும் ‘யூ’, நண்பனும் ‘யூ’.

“இது என்ன, மட்டு மரியாதை இல்லாத மொழி!” என்று தோன்றுமல்லவா?

மரியாதை இருக்கிறது. ‘ஒருவரை மதிக்கிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் உண்டு. அதுதான் ‘ரெஸ்பெக்ட்’.

அங்கேதான் சிக்கல்!

இரண்டு சொற்கள்

இந்த ஒரு சொல்லுக்குக் கொரிய மொழியில் இரண்டு சொற்கள் இருக்கின்றன.

ஒன்று, ‘ஜோன்கியோங்ஹாடா’. பெற்றோர், ஆசிரியர், சான்றோர் ஆகியோரை உயர்வாக எண்ணிப் போற்றுவது.

மற்றொன்று, ‘ஜோன்ஜுங்ஹாடா’. ஒருவருடைய கருத்துக்கும் உரிமைக்கும் மதிப்புக் கொடுப்பது. இதற்குப் பெரியவர், சிறியவர் என்ற வேறுபாடு இல்லை. இதில் வரும் ‘ஜுங்’ என்பதற்குக் கனம் என்று பொருள். பிறர் சொல்லை லேசாகத் தள்ளாமல், கனமாக எண்ண வேண்டும் என்பது கருத்து.

முதல் சொல்லை மட்டும் மனப்பாடம் செய்தவர் பாடு திண்டாட்டம்தான்!

ஆங்கிலக் கதையில் ஒரு தந்தை மகளிடம், “உன் முடிவை ரெஸ்பெக்ட் செய்கிறேன்” என்கிறார். படிப்பவர் விழிக்கிறார். தந்தை மகளை வணங்குகிறாரா?

இல்லை. “நீ எடுத்த முடிவு; நான் குறுக்கே நிற்கமாட்டேன்” என்கிறார். இது இரண்டாவது மரியாதை.

எளிய வழி

எதை மதிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். முடிவு, கருத்து, உரிமை என்று வந்தால் அது இரண்டாவது வகை.

பெரியவரைப் போற்றுவதற்கு மட்டும் ஆங்கிலத்தில் ‘லுக் அப் டு’ என்று சொல்லலாம். அண்ணாந்து பார்ப்பது என்று அர்த்தம். கொரிய மொழியிலும் அண்ணாந்து பார்ப்பதைக் குறிக்கும் ‘உரொரொபோடா’ என்ற சொல் போற்றுவதையும் குறிக்கும். அதனால் இது அவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

தமிழிலும் ‘மதிக்கிறேன்’ என்ற ஒரே சொல்தான். தாத்தாவையும் மதிக்கிறோம், பேத்தியின் விருப்பத்தையும் மதிக்கிறோம்.

முதலாவதைப் பிள்ளைகளுக்கு எல்லா வீடுகளிலும் சொல்லிக் கொடுக்கிறார்கள். இரண்டாவதைப் பிள்ளைகள் எப்படிக் கற்பார்கள்? பெரியவர்கள் தங்களிடம் நடந்துகொள்வதைப் பார்த்துத்தான்!