காண்டெஸாவின் பின் அச்சு

உசிலம்பட்டியிலிருந்து ஆண்டிபட்டிக் கணவாய் வழியே தேனிக்குப் பிரயாணம் செய்யும் பழைய காண்டெஸா கார் வளைவில் திரும்புகையில், வெளிச்சக்கரம் அதிக தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் உருள இடமளித்துக்கொண்டே, இரண்டுக்கும் இஞ்சினின் சக்தியைப் பகிர்ந்தளிப்பது பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரென்ஷியல் என்னும் யந்திரமே. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை தயாரித்த அக்காருக்கு இசுசு இஞ்சின் வாய்த்தபின் வேகம் மிகுந்தது. பின் அச்சின் பாரமும் மிகுந்தது.

டிஃபரென்ஷியலில் கிரவுன் என்னும் பெரிய பற்சக்கரத்தின் பற்கள் பினியன் என்னும் சிறு பற்சக்கரத்தின்மேல் உருள்வதோடு வழுக்கவும் செய்வதால் எழும் அழுத்தத்தைத் தாங்கும் கந்தகச் சேர்மானமுள்ள கியர் ஆயில் அத்தியாவசியம். பழைய ஆயிலை வடிக்குமுன் நிரப்பும் துவாரத்தின் மூடி கழலுகிறதா என்று சோதிப்பதே உத்தமம். அது இறுகியிருந்தால், வடித்த பிறகு வண்டியை நகர்த்த வழியில்லை. வடிந்த ஆயிலில் சாம்பல்நிற நுண்பொடி சகஜம். விரலில் தட்டும் இரும்புத் துண்டோ பல் உடைந்ததற்குச் சாட்சி. பின் அச்சின் காற்றுத்துளையைப் புழுதி அடைத்தால், உஷ்ணத்தில் பெருகும் காற்று சீல்களின் வழியே ஆயிலைத் தள்ளிவிடுமாதலால், அதையும் ஜாக்கிரதையாகத் துடைக்க வேண்டும்.