கொர்வெட்டின் கழுத்துக்குள் ஒரு குட்டி மோட்டார்

"விர்ர்... டக்!"

இந்த ஒரு சத்தத்துக்காகத்தான் கென்டக்கியில் நண்பரின் கராஜுக்குள் அரை நாள் குனிந்து கிடந்தேன். "தம்பி, மூச்சு விடாம கேளு" என்று சொல்லிவிட்டு அவர் சாவியைப் போட்டுத் திருப்பினார். ஸ்டீயரிங் தண்டுக்குள்ளிருந்து வந்தது அது. அரை நொடிகூட இருக்காது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "இன்னொரு தடவை அண்ணே!" என்றேன். அவர் சளைக்காமல் ஐந்து தடவை போட்டுக் காட்டினார்.

வண்டி 2001ஆம் ஆண்டு செவர்லே கொர்வெட். சிவப்பு, கையால் கியர் மாற்றுகிற ரகம். 1997 முதல் 2004 வரை வந்த இந்த ஐந்தாம் தலைமுறையை ரசிகர்கள் 'சி5' என்றுதான் சொல்வார்கள். பிறந்த இடம் இதே மாநிலத்தின் பௌலிங் கிரீன் ஆலை. இமை திறப்பதுபோல மேலெழும் முகப்பு விளக்குகள் கொண்ட கடைசிக் கொர்வெட்டும் இதுதான்.

பெரும்பாலான பழைய கார்களில் சாவித்துளை ஸ்டீயரிங் தண்டிலேயே இருக்கும். சாவியை உருவினால் உள்ளே ஒரு இரும்பு ஊசி இறங்கி ஸ்டீயரிங் சக்கரத்தைப் பூட்டும். எல்லாம் நேரடி இணைப்பு. சி5இல் சாவித்துளை டேஷ்போர்டுக்குப் போய்விட்டது. தண்டுக்கும் சாவிக்கும் உறவு அறுந்தது. பூட்டை யார் தள்ளுவது? அதற்குத்தான் இந்தக் குட்டி மோட்டார்! சாவியை எடுத்தால் ஊசியைத் தண்டிலுள்ள பல்தட்டுக்குள் தள்ளுகிறது, போட்டுத் திருப்பினால் வெளியே இழுக்கிறது. உத்தரவு போடுவது பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்கிற பெட்டி.

அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்தபோதுதான் துள்ளிக் குதித்தேன். பக்கத்து இருக்கையில் உட்காருபவர் கால் வைக்கும் இடம்! கம்பளத்தை உரித்து, அடியிலுள்ள பலகையைக் கழற்றினால், ஃபியூஸ் வரிசையும் ரிலேக்களும் அந்தப் பெட்டியும் கூட்டுக்குடும்பமாகக் குந்தியிருக்கின்றன. இன்னொரு ரகசியமும் அங்கே உண்டு. இந்தக் காரின் தரைத்தகடு இரண்டு மெல்லிய அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரம் வைத்துச் செய்தது. மாதிரி விமானம் செய்வார்களே, அந்தப் பஞ்சு போன்ற மரம்! 350 குதிரைத்திறன் வி8 வண்டியில் நம் பாதத்துக்குக் கீழே மரம்.

சரி, கோளாறு எப்படி வரும்? மோட்டார் ஊசியை முழுக்க இழுக்கவில்லை, அல்லது இழுத்த செய்தி பெட்டிக்குப் போய்ச் சேரவில்லை. உடனே டேஷ்போர்டில் சாவியை எடுத்துப் பத்து விநாடி காத்திருக்கச் சொல்லும் எழுத்து ஓடும். அதற்கும் மசியாவிட்டால் பூட்டைப் பழுதுபார்க்கச் சொல்லும் எழுத்து. இதைவிட விசித்திரம், இஞ்சின் கச்சிதமாகப் பிடித்து உறுமும், வண்டி நகரத் தொடங்கியதும் பெட்ரோல் நின்றுவிடும். பூட்டிய சக்கரத்தோடு சாலைக்கு இறங்கினால் உயிராபத்து என்பதால் கணினியே கழுத்தைப் பிடித்து நிறுத்துகிறது. வீம்பு பிடிக்கிற வண்டி என்று பலர் திட்டுகிறார்கள். எனக்கோ அது வாசலில் கை விரித்து மறிக்கிற பாட்டியைப் போலத் தோன்றியது.

இதில் ஒரு பெரிய குழப்பத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். இந்தக் காரின் சாவித் தகட்டில் குட்டியாக ஒரு மின்தடைச் சில்லு இருக்கிறது. சில்லில் அழுக்குப் படிந்தாலோ தேய்ந்தாலோ ஸ்டார்ட்டரே சுற்றாது. ஸ்டீயரிங் பூட்டு படுத்துகிறபோது இஞ்சின் ஓடும், வண்டிதான் ஓடாது. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிக்கு நண்பர் முதலில் கையில் எடுத்தது ஸ்பேனரோ டார்ச்சோ அல்ல, மல்டிமீட்டர். "எல்லாரும் தண்டைப் பிரிக்க ஓடுவாங்க தம்பி. நான் பேட்டரிகிட்ட போவேன்." முழுசாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். அதைவிட நன்றாகக் கீழே இறங்கினால் மோட்டார் திணறும், வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒன்றுக்கொன்று உளறும், இல்லாத கோளாறெல்லாம் பதிவாகும். இந்த வண்டிப் பேட்டரியின் டெர்மினல்கள் பக்கவாட்டில் போல்ட் போட்டு இறுக்குகிறவை. போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் வேடிக்கை ஆரம்பம். பேட்டரி கசிந்தால் அமிலம் நேரே கீழே உள்ள ஒயர்க்கட்டின் மீதும் இஞ்சின் கணினியின் மீதும் சொட்டும். அதனால் நண்பர் பேட்டரியைத் தூக்கிக் கீழே விரலால் தடவி, வெள்ளைப் பொடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த தந்திரம். இந்தக் காருக்கு ஸ்கேனர் வேண்டாம்! சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, இஞ்சினை ஓட்டாமல், ரீசெட்டை அழுத்தி எழுத்துகளைத் துடைக்க வேண்டும். பிறகு ஆப்ஷன்ஸ் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே ஃபியூயல் பொத்தானை நான்கு முறை தட்ட வேண்டும். அவ்வளவுதான், டேஷ்போர்டு வாய் திறக்கிறது! ஒவ்வொரு பெட்டியும் வரிசையாக வந்து தன் நோயைச் சொல்கிறது. 40 என்ற எண்ணோடு வருவது நம் பாடி கன்ட்ரோல் பெட்டி. குறியீட்டின் கடைசியில் 'சி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் இப்போதைய கோளாறு, 'எச்' என்றால் பழைய கதை. பழைய கதைகளைக் கண்டு பயப்பட வேண்டாம். எழுதி வைத்துக்கொண்டு அழித்துவிட்டு, சில நாள் ஓட்டி, எது திரும்பி வருகிறது என்று பார்ப்பதுதான் முறை. நண்பரின் வண்டியில் வந்தது இரண்டே 'எச்'. இரண்டும் பேட்டரி மாற்றிய நாளின் மிச்சம்.

சில நேரம் கோளாறே இல்லாமலும் ஊசி சிக்கும். டயரைக் கட்டைக்கல்லில் முட்டவைத்து நிறுத்தினால் பல்தட்டு ஊசியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஸ்டீயரிங் சக்கரத்தை இரு பக்கமும் மெல்ல ஆட்டியபடி சாவியைத் திருப்பினால் "டக்" என்று விட்டுவிடும். நண்பரின் மனைவி இதைப் பார்த்துவிட்டு, "கிணத்து ராட்டினம் மாட்டிக்கிட்டா இப்படித்தான் ஆட்டுவோம்" என்றார்.

1997 முதல் 2004 வரையிலான சி5 வண்டிகளை இந்தப் பூட்டுக்காகவே 2004இல் திரும்ப அழைத்தார்கள். சந்தையில் ஏமாற்றுக் கருவிகளும் கிடைக்கின்றன. பூட்டின் இணைப்பில் செருகினால் அது எப்போதும் திறந்தே இருப்பதாகக் கணினிகள் நம்பும். அதைப் பற்றி என் கருத்து ஒன்றே. ஊசி உள்ளே மாட்டியிருக்கும்போது அதைச் செருகினால், பெட்ரோலை நிறுத்திக் காப்பாற்றும் காவலையும் சேர்த்தே கழற்றியதாகும். பல்தட்டையே எடுத்துவிடுவது மேலான வழி, ஆனால் ஏர்பேக்கைக் கழற்ற வேண்டிய வேலை அது. பேட்டரி இணைப்பை எடுத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்த பிறகே தொட வேண்டும். பழகாத கை அங்கே போக வேண்டாம்.

பழைய சி5 ஒன்றை வாங்கப் போகிறீர்களா? பெயிண்டைப் பார்ப்பதற்கு முன், சேசிஸ் எண்ணைக் கொடுத்து அந்த 2004 வேலை முடிந்ததா என்று கேளுங்கள். சாவியைத் திருப்பி, சக்கரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிப் பாருங்கள். அது தடையில்லாமல் போன பிறகு கிளட்சிலிருந்து காலை எடுங்கள்.