முகவரி மாறாமல் இடம் மாறுவது

ஒரு வியாபாரத்தின் இணையத்தளத்தை ஒரு ஹொஸ்டிங் நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும்போது மூன்று பொருள்கள் இடம் மாறுகின்றன: பக்கங்களும் படங்களும் அடங்கிய தளம், மின்னஞ்சல் பெட்டிகள், இவ்விரண்டும் எங்கே இருக்கின்றன என்று உலகத்துக்குச் சொல்லும் டிஎன்எஸ் பதிவுகள். தளத்தை மாற்றுவது எளிது. கோப்புகளையும் தரவுத்தளத்தையும் நகலெடுத்துப் புதிய சேவரில் ஏற்றினால் முடிந்தது. ஹட்டனில் விருந்தினர் விடுதி நடத்துபவரோ நுவரெலியாவிலிருந்து தேயிலைப் பொதி அனுப்புபவரோ நட்டப்படுவது மற்ற இரண்டிலும்தான்.

தளத்தின் முகவரியான டொமைன் பெயர் வேறு, தளம் குடியிருக்கும் சேவர் வேறு. .எல்கே என்ற விகுதி இலங்கைக்கு 1990 இல் கிடைத்தது; .இலங்கை என்று தமிழ் எழுத்திலேயே முடியும் பெயர்களுக்கு 2010 இல் வழி பிறந்தது. சேவரை எத்தனை முறை மாற்றினாலும் பெயரை மாற்ற வேண்டியதில்லை, அது உரிமையாளர் பெயரில் பதிவாகியிருந்தால். தளத்தை வடிவமைத்தவரே தன் கணக்கில் பெயரையும் பதிந்துவிடுவது பலவிடங்களில் நடக்கிறது. அவர் வெளிநாடு போய்விட்டால் வியாபாரத்தின் முகவரி பிறர் கையில் சிக்கிக்கொள்ளும். இந்த வலி மலையகத்துக்குப் புதிதல்ல. தோட்டத் தொழிலாளர் வாழும் லயன் காம்பராக்களுக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதங்கள் தோட்டத்து ஒபீசுக்குப் போய், அங்கிருந்து கைமாறிக் கைமாறி வந்தன. நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் பரீட்சை நாள் கழிந்து கைக்கு வந்த கதை எத்தனையோ குடும்பங்களில் உண்டு. சொந்த முகவரியின் பெறுமதி தெரிந்த மக்களுக்கு, டொமைனும் அப்படியொரு முகவரிதான் என்று யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஆகவே முதல் வேலை, பதிவுக் கணக்கில் யாருடைய பெயர், எந்த மின்னஞ்சல் இருக்கின்றன என்று பார்ப்பது. அந்த மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக்கூடாது. இடமாற்றத்தில் அஞ்சல் தடைப்பட்டால் கடவுச்சொல்லை மீட்கும் கடிதமும் சேர்ந்து தடைப்படும்.

டிஎன்எஸ் முறையை 1983 இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்தார். பெயரைக் கேட்டால் சேவரின் எண் முகவரியைச் சொல்வது அதன் வேலை. அந்தப் பதில் மாறினால் என்ன நடக்கும் என்பதை இலங்கை 2021 பெப்ரவரி 6 ஆம் திகதி கண்டது. கூகுளின் .எல்கே முகவரி உட்படப் பல .எல்கே பெயர்களைத் தேடிப் போனவர்கள் வேறொரு பக்கத்தில் போய் நின்றார்கள். தேயிலைத் தொழிலின் பிரச்சினைகளும் ஊடக சுதந்திரமும் அந்தப் பக்கத்தில் பேசப்பட்டிருந்தன. கூகுளின் சேவர்களை யாரும் தொடவில்லை. பதிவுகளில் வழியைத்தான் திருப்பிவிட்டிருந்தார்கள். இடமாற்றத்தின்போது உரிமையாளர் செய்வதும் அதே திருப்பம்தான், அனுமதியோடு.

ஒவ்வொரு பதிவோடும் அதன் ஆயுள் வினாடிக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். அதற்கு டிடிஎல் என்று பெயர். 86400 என்றிருந்தால் ஒரு நாள். ஒருமுறை கேட்டறிந்த இணையச் சேவை நிறுவனத்தின் சேவர் அந்த ஒரு நாளும் மறுபடி கேட்காது, நினைவில் இருப்பதையே சொல்லும். புதிய முகவரி ‘உலகெங்கும் பரவ 48 மணி நேரமாகும்’ என்று சொல்வது வழக்கம். உண்மையில் எதுவும் பரவுவதில்லை. பழைய நகல்கள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகின்றன. காலை 10 மணிக்குக் கேட்ட கொழும்புச் சேவர் மறுநாள் 10 மணிக்கு மறக்கும். மாலை 6 மணிக்குக் கேட்ட லண்டன் சேவர் மறுநாள் மாலை 6 மணிக்கு மறக்கும். நடுவில் உள்ள எட்டு மணி நேரம் ஒரே விடுதியின் பெயர் கொழும்பில் புதிய தளத்தையும் லண்டனில் பழைய தளத்தையும் காட்டும். லண்டனிலிருந்து அறை கேட்டவரின் பதிவு யாரும் பார்க்காத பழைய தரவுத்தளத்தில் போய் விழும். இதற்கு மருந்து சுலபம், செலவும் இல்லை: இரண்டு நாள் முன்பே 86400 ஐ 300 ஆகக் குறைத்துவிட வேண்டும். பிறகு பதிவை மாற்றினால் பெரும்பாலான இடங்களில் ஐந்து நிமிடத்தில் பழையது மறந்துபோகும். எல்லாம் சரிவந்தபின் பழைய அளவுக்கு உயர்த்திவிடலாம்.

இடமாற்றத்துக்கான நாளையும் பார்த்துத்தான் தெரிவு செய்ய வேண்டும். 1883 இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் 2020 இல் இணையவழிக்கு மாறிவிட்டது. ஏலம் நடக்கும் செவ்வாய், புதன் கிழமைகளில் தேயிலைக்காரர்கள் கை வைக்கக்கூடாது. விடுதிக்காரர்கள் ஏப்ரல் வசந்த காலத்தையும் சிவனொளிபாத மலைப் பருவத்தையும் தவிர்ப்பது நல்லது.

மின்னஞ்சல் எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்வது எம்எக்ஸ் பதிவு. சேவர் சற்று நேரம் நின்றுபோனால் கடிதம் தொலையாது. அனுப்பும் சேவர் நாட்கணக்கில் திரும்பத் திரும்ப முயலும். தவறான பெட்டி அதை ஏற்றுக்கொள்வதுதான் ஆபத்து. பழைய ஹொஸ்டிங் கணக்கு மூடப்படாமல் இருந்தால், அந்தச் சேவர் டொமைன் இன்னும் தன்னிடமே இருப்பதாக நம்பும். அதே சேவரில் கணக்கு வைத்திருக்கும் விருந்தினருக்கு வான் ஏற்பாடு செய்பவர் விடுதிக்கு அனுப்பும் கடிதம், எம்எக்ஸ் பதிவைப் பார்க்காமலே உள்ளுக்குள் பழைய பெட்டிக்குப் போய்விடும். மற்ற எல்லோருடைய அஞ்சலும் வரும், அவருடையது மட்டும் மாதக்கணக்கில் வராது. அவருக்கு அது திரும்பியும் வராததால், பதில் போடவில்லை என்று மனவருத்தம்தான் மிஞ்சும்.

பழைய கடிதங்களை, அவற்றைச் சேவரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் முறை வழியாகப் புதிய பெட்டிக்கு நகலெடுக்கலாம். கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பொப் முறையில் எடுத்திருந்தால் அவை ஒபீஸ் கணினி ஒன்றில் மட்டுமே இருக்கக்கூடும்; அதையும் பார்க்க வேண்டும். எந்தச் சேவர் இந்தப் பெயரில் அஞ்சல் அனுப்பலாம் என்று கூறும் எஸ்பிஎஃப் பதிவையும் அஞ்சல் உண்மையானதென்று காட்டும் டிகிம் கையொப்பத்தையும் புதிய இடத்துக்கு ஏற்ப எழுதாவிட்டால் விலைப்பட்டியல்கள் ஸ்பாமில் விழும். 2024 பெப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் இதில் கண்டிப்பாக இருக்கின்றன.

பழைய கணக்கை ஒரு மாதமாவது வைத்திருந்து, பெட்டிகளைக் கடைசியாக ஒருமுறை பார்த்து, பேக்கப் எடுத்தபின் மூடலாம். அதுவரை அங்குள்ள அஞ்சல் அமைப்பிலிருந்து டொமைனை நீக்கிவைத்தால் வான்காரரின் கடிதமும் சரியான வழியில் வரும். ஹொஸ்டிங்கும் டொமைனும் ஒரே பில்லில் இருந்தால், ரத்து செய்ய வேண்டியது ஹொஸ்டிங்கை மட்டுமே.