டிக்கி மூடிக்கு மூங்கில் கம்பா முட்டு?

பழைய கார் வைத்திருப்பவர்கள் இன்ஜினுக்கு லட்சக்கணக்கில் இறைப்பார்கள். குரோம் பம்பரில் முகம் தெரியும்வரை தேய்ப்பார்கள். டிக்கி மூடி நிற்கவில்லை என்றால் மட்டும் ஒரு மூங்கில் கம்பை முட்டுக் கொடுத்துவிட்டு, அதன் கீழே தலையை நுழைப்பார்கள். கம்பு நழுவினால் கனத்த இரும்புத் தகடு பிடரியில் இறங்கும். ஸ்டெப்னி எடுக்கப் போய்க் கட்டுப்போட்டு வந்தவர்களைப் பார்த்த பிறகும் கம்பு அதே இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் உங்கள் காரில் மூடியைத் தாங்குவது எது என்று பாருங்கள். 50 வயதைத் தாண்டிய கார்களில் பெரும்பாலும் மடங்கும் இரும்புக் கம்பி, சுருள் ஸ்பிரிங், அல்லது குறுக்கே ஓடும் முறுக்குக் கம்பி இவற்றில் ஒன்று இருக்கும். மடங்கும் கம்பியில் தேய்வது ரிவெட்டும் பிடிக்கும் பல்லும்தான். ரிவெட்டை மாற்றி, தேய்ந்த பல்லை நிரப்பி அரம் போட நல்ல லேத் பட்டறையே போதும். முறுக்குக் கம்பியில் பல சமயம் கம்பி கெடுவதில்லை. அதன் முனை உட்காரும் பள்ளம்தான் தேய்ந்திருக்கும். அடுத்த பள்ளம் இருந்தால் முனையை அதற்கு மாற்றலாம். மூடி முழுவதும் திறந்திருக்கும்போது, இன்னொருவர் மூடியைப் பிடித்துக்கொள்ள, கண்ணாடி அணிந்து செய்ய வேண்டிய வேலை அது. கம்பி கைநழுவித் தெறித்தால் விரல் போகும், கண்ணும் போகும்.

பிற்காலக் கார்களில் இருப்பது கேஸ் ஷாக். உள்ளே நைட்ரஜன். 400 நியூட்டன் விசை, 8 மில்லிமீட்டர் தண்டு என்றால் உள்ளழுத்தம் ஏறக்குறைய 80 பார். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான்! இந்த ஷாக்கைத்தான் சில பட்டறைகளில் ஓட்டை போட்டு, வால்வு பற்றவைத்து, "கேஸ் ஏத்தித் தர்றேன் சார்" என்கிறார்கள். சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்த ஷாக்குக்கு மறுவாழ்வு கிடையாது. ஓட்டை போடாதீர்கள், சூடு காட்டாதீர்கள், காயலான் கடையில் கேஸ் கட்டருக்கு விடாதீர்கள்.

புதிதாக வாங்கும்போது பழைய ஷாக்கின் மேல் 'N' என்ற எழுத்தோடு அச்சிட்ட எண், முழுதாக நீண்ட நிலையில் நீளம், தண்டு உள்ளே போகும் அளவு, முனைக் குண்டின் விட்டம் இவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள். சென்னை புதுப்பேட்டையில் எண் அழிந்த பழைய ஷாக் மலிவாகக் கிடைக்கும், வேண்டாம். விசை கூடினால் கீலும் தகடும் வளையும். இரு பக்க ஷாக்கையும் ஜோடியாக மாற்றுங்கள். மூடி சாத்தியிருக்கும்போது தண்டு கீழ்நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் எண்ணெய் சீலை நனைக்கும்.

கம்பி இருந்த காரில் தகட்டைத் துளைத்து, பிராக்கெட் பற்றவைத்து, கேஸ் ஷாக் மாட்டும் மோகம் வேறு வந்திருக்கிறது. விண்டேஜ் பதிவு கேட்கப்போகும் காரில் இதைச் செய்யாதீர்கள். 2021 ஜூலையில் வந்த மத்திய விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. பரிவாகன் தளத்தில் படிவம் 20, பழைய ஆர்.சி., இன்சூரன்ஸ், இறக்குமதிக் கார் என்றால் சுங்க ஆவணம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. சான்று 10 ஆண்டு செல்லும். காரைச் சோதிக்கும் குழு வெல்டிங் தழும்பைக் காட்டிக் கேள்வி கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் வெல்டர் அல்ல, நீங்கள். கேள்வி கேட்கச் சாக்கு கிடைத்தால் நம் அலுவலகங்கள் கோப்பை எத்தனை நாள் உறங்கவைக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

கடைசியாகப் பில். "நம்ம பட்டறைதானே" என்று விடுவதால்தான் வழக்கு தோற்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். பில்லில் பாகத்தின் பெயர், நியூட்டன் அளவு, கூலி, தேதி தனித்தனியாக இருக்கட்டும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் படம் எடுத்துவையுங்கள். மாட்டிய ஷாக் சில வாரத்தில் தொங்கினால், போனில் சண்டை போடாமல், குறையைச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கேட்டுப் ஸ்பீடு போஸ்டில் விநியோகச் சான்றோடு கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915-ல் புகார் சொல்லுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, காலக்கெடு 2 ஆண்டு.

மறுபடியும் சொல்கிறேன்: கேஸ் ஷாக்கில் ஓட்டை போட விடாதீர்கள், பில் வாங்காமல் பட்டறையை விட்டுக் காரை எடுக்காதீர்கள்.