நெட்வொர்க்கில் எங்கே நின்று பார்ப்பது?

"ஃபிட்லரா, வயர்ஷார்க்கா, எது சார் நல்லது?" புதுசா வேலைக்குச் சேர்ற பசங்க அடிக்கடி கேட்கும் கேள்வி. நான் திருப்பிக் கேட்பது: எங்கே நின்னு பார்க்கணும்?

திருவொற்றியூர், மணலி பக்கம் இருப்பவர்களுக்குக் கன்டெய்னரை வைத்துச் சொன்னால் உடனே புரியும். ஏற்றுமதிச் சரக்கை மூன்று இடத்தில் பார்க்கலாம். ஒன்று, ஃபேக்டரியில், சீல் போடுவதற்கு முன். இரண்டு, வழியில் ஒரு யார்டில் சீலை உடைத்துப் பார்த்து, புது சீல் போட்டு அனுப்பும்போது. மூன்று, துறைமுக கேட்டில். அங்கே தெரிவது வெளியே எழுதிய 4 எழுத்தும் 7 எண்ணும், சீலும்தான். ஆனால் எந்த வண்டி வந்தது, எது வரவே இல்லை என்பது கேட்டில் நிற்பவருக்குத்தான் தெரியும்.

நம்ம கருவிகளும் இப்படித்தான். இங்கே சீல் என்பது டிஎல்எஸ்.

பிரவுசரில் எஃப்12 அழுத்தினால் வரும் நெட்வொர்க் பக்கம்தான் ஃபேக்டரி. சீலுக்கு முன்பே பார்ப்பதால் எல்லாம் தெரியும். ஆனால் அந்த பிரவுசரின் சரக்கு மட்டும்.

ஃபிட்லர், சார்லஸ், எம்ஐடிஎம்பிராக்ஸி எல்லாம் நடுவழி யார்டு. மொபைல் ஆப் என்ன அனுப்புகிறது என்று பார்க்க இதுதான் வசதி. அதன் சான்றிதழை ஃபோன் நம்ப வேண்டும். 2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், நாமாகச் சேர்க்கும் சான்றிதழை ஆப்கள் இயல்பாக நம்பாது. டெஸ்ட் பில்டில் அனுமதி கொடுக்கணும்.

டிசிபிடம்ப் (1988), ஈத்தரியல் என்ற பெயரில் 1998-ல் வந்து 2006-ல் பெயர் மாறிய வயர்ஷார்க், இரண்டும் கேட். பிரவுசரைச் சாவிகளை ஒரு ஃபைலில் எழுத வைத்தால் வயர்ஷார்க் சீலுக்கு உள்ளேயும் படிக்கும்.

இடம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம். சில வருஷம் முன் எண்ணூர் பக்கம் ஒரு யார்டில் கேட் பாஸ் தளம் திடீரென்று திறக்கவில்லை. பாஸ் இல்லாமல் டிரெய்லர்கள் வெளியே வரிசையில். டிரைவர்களுக்கு ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். பிங் போகிறது. எஃப்12-ல் "காத்திருக்கிறது" என்பதோடு சரி. எங்கள் ஆபீஸில் பிராக்ஸி வைத்துப் பார்த்தால் எல்லாம் சுத்தம். பிராக்ஸி சர்வரோடு தானே புது இணைப்பு போடும். யார்டின் பாதையில் பாக்கெட் தொலைவது அதற்கு எப்படித் தெரியும்?

சர்வரில் டிசிபிடம்ப் ஓட்டியதும் புரிந்தது. சின்னப் பாக்கெட்டுகள் போய் வருகின்றன. சான்றிதழைச் சுமந்த 1500 பைட் பாக்கெட் மட்டும் பதிலே இல்லாமல் திரும்பத் திரும்பப் போகிறது. நடுவில் விபிஎன். அது தன் உறையையும் சேர்ப்பதால் முழு அளவு பாக்கெட் நுழையாது, உயரமான லாரி பாலத்தடியில் மாட்டுவது மாதிரி. "சின்னதா அனுப்பு" என்று ரௌட்டர் சொல்லும் ஐசிஎம்பி செய்தியை ஒரு ஃபயர்வால் தடுத்துவிட்டது. ரௌட்டரில் எம்எஸ்எஸ் அளவைக் குறைத்ததும் தளம் திறந்தது.

ஆக, அனுப்பிய தகவல் தப்பா என்ற சந்தேகமா? எஃப்12 அல்லது பிராக்ஸி. போய்ச் சேர்ந்ததா என்ற சந்தேகமா? டிசிபிடம்ப்; முடிந்தால் இரண்டு முனையிலும்.

பிடித்த ஃபைலில் டோக்கன், டிரைவரின் ஃபோன் நம்பர் எல்லாம் இருக்கலாம். அனுமதி உள்ள நெட்வொர்க்கில் மட்டும் பிடியுங்கள். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.