இருபத்துநான்கில் ஒரு பங்கு

சாமிமலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து, உயர்தர வகுப்பில் பயிலும் மாணவர் ஒருவர் எழுதிய கடிதம் அண்மையில் எனக்குக் கிடைத்தது. கனடாவில் வசிக்கும் தாய்மாமன் அனுப்பிய பெரிய பெட்டியொன்றில், ஹரிக்கேன் என்னும் யுத்த விமானத்தை 24இல் ஒரு பங்கு அளவில் கோத்து அமைப்பதற்கான பிளாஸ்டிக் பாகங்கள் நிறைந்திருப்பதாகவும், இதுவரை 72இல் ஒரு பங்கு அளவிலேயே சில விமானங்களைச் செய்து பழகிய தமக்கு இதைக் கண்டவுடன் ஆசையும் அச்சமும் ஒருங்கே உண்டானதாகவும் எழுதி, இதை இப்போதே தொடங்கலாமா, இன்னும் சில வருஷம் கை பழகிய பின் தொடங்கலாமா என்று அவர் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்லிவிடலாம். ஆனால் அந்த விடைக்குப் பின்னால் நிற்கும் விஷயம், மாதிரி விமானம் செய்பவருக்கு மாத்திரமன்றி இயற்கையின் அளவுப் பிரமாணங்களில் சிரத்தையுள்ள எவருக்கும் ரசமானது என்பதால், சற்று விரிவாகவே எழுதத் துணிகிறேன்.

பாகங்களை ஒட்டுவது எப்படி, வர்ணம் பூசுவது எப்படி என்னும் ஆரம்பப் பாடங்களை இங்கே விட்டுவிடுகிறேன். கடிதம் எழுதிய தம்பிக்கு அவை தெரியும். அளவுகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஆறடியை ஓர் அங்குலமாகச் சுருக்கினால் 72இல் ஒரு பங்கு. ஓரடியை அரை அங்குலமாகச் சுருக்கினால் 24இல் ஒரு பங்கு. ஆங்கிலேய அடிக்கோலிலிருந்து பிறந்த இந்த அளவுகளில், முன்னையதில் 1936ஆம் வருஷத்திலேயே ஃப்ராக் என்னும் பிரித்தானிய நிறுவனம் பிளாஸ்டிக் மாதிரிகளை வெளியிட்டது. பின்னையதில் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1970இல் ஸ்பிட்ஃபயரையும் 1973இல் ஹரிக்கேனையும் வெளியிட்டது. எல்லா அளவுகளும் இப்படிக் கணக்கிலிருந்து பிறந்தவை அல்ல. யுத்த டாங்கிகளுக்கு இன்று உலகமெங்கும் வழங்கும் 35இல் ஒரு பங்கு என்னும் அளவு, ஜப்பானியத் தமியா நிறுவனம் தன் முதல் டாங்கி மாதிரியின் வயிற்றுக்குள் மோட்டாரையும் மின்கலங்களையும் அடக்குவதற்கு எவ்வளவு இடம் வேண்டியிருந்ததோ அதிலிருந்து தற்செயலாக அமைந்துவிட்டது.

மெய்யான ஹரிக்கேனின் சிறகுகள் ஒரு நுனி முதல் மறு நுனி வரை 40 அடி. ஆகவே தம்பியின் மேசைமீது அமரப்போகும் மாதிரி 20 அங்குல அகலமும் ஏறத்தாழ 16 அங்குல நீளமும் கொண்டதாக இருக்கும். அவர் முன்பு செய்த சிறு விமானங்களைப் போல இது மூன்று மடங்கு நீளம். மூன்று மடங்கு நீளமென்றால் மூன்று மடங்கு வேலை என்று நினைப்பது இயல்பு; ஆனால் நீளம் மூன்று மடங்காகும்போது பரப்பு ஒன்பது மடங்காகிறது, கனம் இருபத்தேழு மடங்காகிறது. தேய்க்கவும் வர்ணம் பூசவும் வேண்டிய இடம் ஒன்பது மடங்கு. தாங்க வேண்டிய பாரமோ இருபத்தேழு மடங்கு. பெரிய மாதிரியின் சகல சங்கடங்களும், அதன் சகல பெருமைகளும், இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்திலிருந்தே உற்பத்தியாகின்றன.

சண்டைக்குப் புறப்படும் ஹரிக்கேன் சுமார் 3000 கிலோகிராம் நிறையுள்ளது. மாயவித்தை ஒன்றினால் அதை அதன் உலோகத்தோடும் துணியோடும் எண்ணெயோடும் அப்படியே 24இல் ஒரு பங்காகச் சுருக்கினால், அதன் நிறை ஏறத்தாழ 217 கிராமாக இருக்கும். 72இல் ஒரு பங்காகச் சுருக்கினாலோ வெறும் 8 கிராம்தான். எட்டுக் கிராமைத் தாங்குவதற்கு எந்தக் கால்களும் போதும்; குண்டூசியே போதும். பெரியதில் நிலைமை வேறு. காலின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. அது ஒன்பது மடங்குதான் வளர்ந்திருக்கிறது. அதன்மீது இறங்கும் பாரம் இருபத்தேழு மடங்கு வளர்ந்துவிட்டது. ஆகவே பெரிய மாதிரியின் கால் ஒவ்வொரு சதுர மில்லிமீற்றரிலும் சிறியதன் காலைவிட மூன்று மடங்கு அழுத்தத்தைச் சுமக்கிறது. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்குக்கு மற்றொரு சுபாவமும் உண்டு. உடனே முறியாத பாரத்தையும் அது நெடுங்காலம் சுமக்க நேர்ந்தால், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில், மெல்ல மெல்ல இணங்கி வளைந்துகொண்டே போகும். முடித்து வைத்த நாளில் கம்பீரமாக நின்ற விமானம், சில வருஷங்களில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதற்குக் காரணம் இதுவே. எனவே பெரிய மாதிரி செய்வோரில் அநேகர், பெட்டியில் வரும் பிளாஸ்டிக் கால்களைத் தள்ளிவிட்டுப் பித்தளையில் வார்த்த கால்களைத் தனியே வாங்கிப் பொருத்துகிறார்கள். அல்லது பிளாஸ்டிக் காலின் நடுவே துளையிட்டு எஃகுக் கம்பியைச் செருகுகிறார்கள்.

இந்த விதியை 1638ஆம் வருஷத்தில் கலீலியோ தம் கடைசிப் பெருநூலில் எடுத்துரைத்தார். சிறு பிராணியின் எலும்பை அதே வடிவத்தில் பெரிதாக்கினால் பெரிய பிராணியைத் தாங்காது, அது நீளத்துக்கு மிஞ்சிப் பருமனாக வேண்டும் என்று அவர் படம் வரைந்தே காட்டினார். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், 1926இல், உயிரியல் அறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன் இதே விஷயத்தைப் பற்றிப் பாமரரும் விளங்கும்படி ஒரு கட்டுரை எழுதினார். இந்த ஹால்டேன் 1957இல் இந்தியாவுக்கு வந்து, அந்நாட்டுப் பிரஜையாகவே வாழ்ந்து, 1964இல் புவனேசுவரத்தில் காலமானவர். யானையின் கால் தூணாக இருப்பதற்கும் மானின் கால் குச்சியாக இருப்பதற்கும் உள்ள காரணமும், தம்பியின் ஹரிக்கேன் பித்தளைக் கால் கேட்பதற்கான காரணமும் ஒன்றே என்பது எனக்கு எத்தனை முறை எண்ணினும் அலுக்காத அதிசயம்.

பாரம் ஒருபுறமிருக்க, தடிப்பு என்றொரு விஷயம் உண்டு. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த டி.சி.8 விமானம் எங்கள் சப்த கன்னியர் மலையில் மோதி 191 பேர் மாண்ட துயரத்தை மலையக மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் உடலிலிருந்து கிழிந்த தகட்டுத் துண்டொன்றைச் சிறுவனாக இருந்தபோது நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அத்தனை உயிர்களைச் சுமந்தது இவ்வளவு மெல்லிய தகடா என்ற திகைப்பு இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை. பிளாஸ்டிக் மாதிரியின் சுவர், அச்சிலிருந்து உடையாமல் வெளிவரும்பொருட்டு, ஒரு மில்லிமீற்றர் அளவுக்கேனும் தடித்திருக்க வேண்டும். 24ஆல் பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ ஓர் அங்குலத் தடிப்புள்ள கவசமாகிவிடுகிறது! சிறு மாதிரியில் கண் மன்னித்துவிடும் இந்தப் பொய்யைப் பெரிய மாதிரியில் கண் மன்னிப்பதில்லை. சக்கரங்களை மூடும் கதவுகளின் விளிம்பு, யந்திர மூடியின் விளிம்பு, துப்பாக்கிப் பெட்டிகளின் மூடி ஆகியவற்றை உட்புறமாகத் தேய்த்துத் தேய்த்து விளிம்பு மட்டுமாவது மெலிந்து தோன்றும்படி செய்வது பல மாலைகளை விழுங்கும் வேலை. ஆயினும் உலோகத் தகடு என்ற பிரமை அங்கேதான் உண்டாகிறது.

ஹரிக்கேனில் இதைவிட நுட்பமான சோதனை ஒன்று காத்திருக்கிறது. சிட்னி காம் என்பவர் வடிவமைத்து 1935 நவம்பர் 6ஆம் திகதி முதன்முதலாகப் பறந்த இந்த விமானம் பழமைக்கும் புதுமைக்கும் நடுவே பிறந்தது. ஆசனத்துக்குப் பின்னுள்ள உடல் முழுவதும் உலோகக் குழாய்ச் சட்டத்தின்மேல் மரச்சட்டங்கள் அமைத்து, அவற்றின்மேல் லினன் துணியைப் போர்த்தி, துணியை இறுக்கும் ஒருவகைச் சாயநெய்யைப் பூசிச் செய்யப்பட்டது. குண்டு துளைத்தாலும் துணி வெடித்துச் சிதறுவதில்லை. துளையின்மேல் ஒட்டுத் துணி வைத்து அன்றே பறக்க விடலாம். இத்துணி மரச்சட்டங்களுக்கு இடையில் இம்மியளவு தாழ்ந்திருக்கும். மாதிரி செய்யும் நிறுவனங்கள் இதைப் பார்ப்போர் கண்ணுக்குக் காட்டவேண்டுமென்று மிகைப்படுத்தி, எலும்பும் தோலுமான மாட்டின் விலாவைப்போல் ஆக்கிவிடுவதுண்டு. இறுகப் பூசிய துணி மெய்யில் சில மில்லிமீற்றரே தாழும். 24இல் ஒரு பங்கில் அது மில்லிமீற்றரின் பத்திலொரு பாகமளவுதான். மேடுகளை நீர்க்காகிதத்தால் மெதுவாகத் தேய்த்து அடக்குவது நல்லது. எவ்வளவு அடக்க வேண்டும் என்பதை அறிய மெய்யான விமானத்தின் புகைப்படங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். இப்படித்தான் பெரிய மாதிரி மனிதனைப் படிக்க வைக்கிறது. இரத்மலானையில் உள்ள விமானப்படை அரும்பொருட்சாலைக்கு ஒருமுறை சென்று, ஆணி அறைந்த தகட்டை அருகில் நின்று பார்ப்பதும் மிகுந்த பயன் தரும்.

பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டி எடுப்பதில் சிறுவர்கள் காட்டும் அவசரத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு என் தகப்பனாரின் கவ்வாத்துக் கத்திதான் நினைவுக்கு வரும். தேயிலைச் செடியின் கிளையை அவர் ஒருபோதும் முறித்ததில்லை. சாய்வாக, ஒரே வீச்சில், பட்டை கிழியாமல் வெட்டுவார். பட்டை கிழிந்தால் அந்தக் காயத்தில் மழைநீர் தேங்கி மரம் உள்ளே உளுத்துப்போகும் என்பார். பிளாஸ்டிக் பாகத்தையும் திருகிப் பிய்த்தால், காம்பு இருந்த இடத்தில் சதை பறிந்து பள்ளமாகிவிடும். பாகத்துக்குச் சற்று எட்ட முதலில் வெட்டி, மிச்சத்தைக் கூரிய கத்தியால் சீவி, பின் தேய்க்க வேண்டும். இதைச் செய்யும் பொறுமை இல்லாதவர் பெரிய பெட்டியைத் திறக்காதிருப்பதே உத்தமம்.

இங்கே நல்லதண்ணியிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வசிப்போர் காலநிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். விசிறி அடிக்கும் வர்ணத்தில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது வர்ணப் பரப்பின் சூட்டை உறிஞ்சிக்கொண்டு போகிறது. ஈரக்காற்றில் அந்தப் பரப்பு திடீரெனக் குளிர்ந்தால் காற்றிலுள்ள நீராவி அதன்மேல் படிந்து, வர்ணம் சாம்பல் பூத்ததுபோல் வெளிறிவிடும். வைகாசி முதல் புரட்டாசி வரை மலை முழுதும் மழையிலும் மஞ்சிலும் ஊறிக்கிடக்கும் எங்கள் பக்கத்தில் பெரிய சிறகுகளுக்கு வர்ணம் அடிக்கத் துணிவது விரயம். அந்த மாதங்களில் வெட்டலாம், தேய்க்கலாம், ஒட்டாமலே பொருத்திப் பார்க்கலாம், யந்திரத்தையும் ஆசன அறையையும் தூரிகையால் தீட்டி முடிக்கலாம். சிவனொளிபாத யாத்திரைக் காலத்தின் நடுப்பகுதியான தை, மாசி, பங்குனி மாதங்களில்தான் இங்கே காற்று உலர்ந்திருக்கும். வெளி வர்ணத்தை அதுவரை ஒத்திவைக்க வேண்டும். குளிருக்கு அஞ்சி லயத்து அறையின் ஒற்றை ஜன்னலையும் சாத்திக்கொண்டு ஒட்டுத்திரவத்தோடு உட்காருவது பெருந்தீங்கு. அந்தத் திரவம் பிளாஸ்டிக்கையே கரைத்து இரு பாகங்களையும் ஒன்றாக உருக்கிச் சேர்ப்பது. அதன் ஆவி தலையைச் சுற்ற வைக்கும், சிறு குழந்தைகள் உறங்கும் அறையில் அதைத் திறக்கவே கூடாது.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, முப்பது வருஷ யுத்தத்தைக் கண்ட நாட்டில் யுத்த விமானத்தை அழகு பார்ப்பது தகுமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். சம்ஹாரக் கருவியைக் கொண்டாடுவதற்காகச் செய்வதாயின் தகாது என்றே சொல்வேன். ஆனால் ஹரிக்கேன் இந்தத் தீவின் சரித்திரத்தில் உயிரோடு கலந்த ஒன்று. 1942 மார்ச்சில் இண்டமிட்டபிள் என்னும் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து ஹரிக்கேன்கள் இங்கே பறந்து வந்தன. ஏப்ரல் 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து சென்ற கனடிய விமானி லெனாட் பேர்ச்சலின் கட்டலினா, தென்கடலில் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. மறுநாள், ஈஸ்டர் ஞாயிறன்று, ஐந்து விமானந்தாங்கிகளிலிருந்து எழுந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. இரத்மலானையிலிருந்த 30ஆவது படைப்பிரிவின் ஹரிக்கேன்கள், எதிரி தலைக்குமேல் வந்துவிட்ட நேரத்தில் தரையிலிருந்து எழும்ப நேர்ந்தது; கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலை விமானத்தளமாக மாற்றியிருந்ததை ஜப்பானியர் அறியாததால், அங்கிருந்த 258ஆவது படைப்பிரிவு தடையின்றி மேலெழுந்தது. அன்றும், ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையிலும், அநேக இளைஞர்கள் உயிர் துறந்தார்கள். இந்தச் சம்பவங்களை நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் சில வரிகளுக்கு மேல் அறிவதில்லை. பந்தயத் திடலில் உலாவப் போகிறவர்களில் எத்தனை பேர் அதை எண்ணிப் பார்க்கிறார்கள்? கையால் ஒரு வேலையைச் செய்து அதன் வாயிலாகச் சரித்திரத்தை அறிவது, பரீட்சைக்காக மனனம் செய்வதைவிட ஆழமாகப் பதியும் என்பது என் திடமான அபிப்பிராயம். இத்தகைய வேலையில் ஈடுபடும் பிள்ளையை ‘பொம்மை விளையாட்டு’ என்று அதட்டும் பெற்றோர், பிள்ளையின் விரல்களுக்குக் கிடைக்கும் கல்வியைப் பறிக்கிறார்கள். பெரிய பெட்டிகளை வாங்கி வாங்கி அலுமாரியில் அடுக்கி, ஒன்றையும் திறவாமல் மகிழும் பெரியவர்களும் வருத்தத்துக்குரியவர்களே. அச்சின் கூர்மையும், வடிவமைத்தவரின் உழைப்பும் இருளில் கிடப்பதற்காக உண்டாக்கப்பட்டவை அல்ல.

ஆகவே தம்பி, தொடங்குங்கள். வருஷங்களைக் காத்திருந்து கழிப்பதால் கை பழகாது. பந்தயத் திடல் படைப்பிரிவில் முதல் வகை ஹரிக்கேனும் இரண்டாம் வகையும் கலந்தே இருந்தன. உங்கள் பெட்டி ஏர்ஃபிக்ஸ் வெளியிட்டதாயின், அதில் உள்ளது முதல் வகை என்பதால், அதைக் கொழும்பு வானத்தில் பறந்த விமானமாகவே முடிக்கலாம். பாகங்களைச் சவர்க்கார நீரில் கழுவி உலர்த்துங்கள். அச்சின் எண்ணெய் போகாவிட்டால் வர்ணம் பிடிக்காது. பித்தளைக் கால்களுக்கு மாமாவிடம் இப்போதே எழுதிவிடுங்கள், அவை வந்து சேர மாதங்கள் ஆகும். 20 அங்குலச் சிறகு உங்கள் வீட்டு வாசலிலும் அலுமாரியிலும் நுழையுமா என்று அளந்து பாருங்கள். நுழையாதெனில், சிறகுகளை ஒட்டாமல், கழற்றி மாட்டும்படி உள்ளே பித்தளைக் குழாய் பதித்துச் செய்வதைப் பற்றி உடலின் இரு பாதிகளையும் மூடுவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டியிருக்கும். அதற்கான குழாயின் பருமன் என்ன, எங்கே துளையிட வேண்டும் என்பதை, நீங்கள் அளவுகளை எழுதி அனுப்பினால், அடுத்த கடிதத்தில் படத்தோடு விளக்குகிறேன்.